ஹில்டா கற்றுக்கொடுத்த வாக்கியம்

ஹில்டா முப்பத்தாறாவது வயதில் ஃபார்ஸி படித்தாள். ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. அவள் புருஷன் ரெஜி ஈரானின் தெற்குக் கரையில் ஒரு துறைமுக ஊர்ச் சிறையில் கிடந்தான். அவனைப் பூட்டி வைத்தவர்களும் சரி, அவனுக்காக வாதாட வேண்டிய வக்கீலும் சரி, அந்த ஒரு மொழியைத்தான் பேசினார்கள்.

ரெஜி கப்பலில் ஃபிட்டர். இன்ஜின் அறையில் பைப்பும் பம்பும் பழுது பார்க்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்தான். கடைசியாக ஏறியது ஷார்ஜாவிலிருந்து ஓடிய சின்ன எண்ணெய்க் கப்பல். பெயர்ப்பலகையில் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயர் எழுதியிருந்த கப்பல். வேறு எங்கும் ஆள் எடுக்காத சமயத்தில் அதில் ஏறினான். ஒருநாள் நடுக்கடலில் இன்னொரு படகிலிருந்து டீசல் ஏற்றிக்கொண்டிருந்தபோது ரோந்துப் படகு வந்து மடக்கியது. கடத்தல் எண்ணெய் என்று வழக்கு. கேப்டனை முதலாளி எப்படியோ வெளியே எடுத்துவிட்டார். ரெஜியும் கூட வேலை பார்த்தவர்களும் உள்ளே போனார்கள்.

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீடு அவர்களுக்கு. ஒற்றை அறை, சமையலறை, உப்புக்காற்றில் அரித்துப்போன கம்பி வைத்த ஒரு ஜன்னல். குழந்தை இல்லை. ரெஜியின் அப்பா அருள்நாதன் கூட இருந்தார். துறைமுகத்தில் கரியும் கந்தகமும் இறக்கி ஓய்வு பெற்றவர். நெஞ்சில் அந்தத் தூசு இன்னும் இருந்தது. ஹில்டா திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தாள். கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் பார்த்து டேப்லெட்டில் ஏற்ற வேண்டும்.

முதல் அழைப்பு அந்தக் கேட்டில்தான் வந்தது. தெரியாத எண். எடுத்தால் ஒரு பெண்ணின் பதிவு செய்த குரல்: "இன் தமாஸ் அஸ் ஸெந்தான் அஸ்த்." ஹில்டாவின் காதில் 'தமாஷ்' என்றுதான் விழுந்தது. ஏதோ விளம்பரம் என்று வைத்துவிடப் போனாள். அதற்குள் ரெஜியின் குரல் வந்தது.

"ஹில்டா, நான்தான். உசுரோட கீறேன். ஜெயில்ல கீறேன்."

"எந்த ஜெயிலு? இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ல. நைனா எப்டி கீறாரு?"

அவள் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்தது. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, சில நிமிஷங்கள் பேச விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் முதலில் அந்தப் பெண் குரல் வந்தது. 'இந்த அழைப்பு சிறையிலிருந்து வருகிறது' என்பதுதான் அதன் அர்த்தம் என்று அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

ரெஜியைக் கப்பலில் ஏற்றிவிட்ட ஏஜென்ட் சுப்புராயன் பாரிமுனையில் ஒரு மாடியில் உட்கார்ந்திருந்தார். ஹில்டா போனபோதெல்லாம் டீ வரவழைத்தார்.

"மெயில் போட்டுகினேதான் கீறோம்மா. நீ பேஜாராவாத. வந்துடுவான்."

"யாராவது அங்க போன் பண்ணி, வாயத் தொறந்து பேசினீங்களாண்ணே?"

"பேசறதா? அவுங்களுக்கு இங்கிலீசும் தெர்ல, இந்தியும் தெர்ல. அவுங்க பாஷ நம்மள்ல யாருக்குத் தெரியும்? யாரு பேசறது, சொல்லு."

விஷயத்தை அத்தோடு முடித்துவிடலாம் என்று அவர் அதைச் சொன்னார். ஹில்டா படியிறங்கி பஸ் ஏறும் வரை அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தாள். யார் பேசுவது?

ஈரானிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதிப் போட்டாள். கவனிப்பதாகப் பதில் வந்தது. அந்தத் துறைமுக ஊர் வக்கீல் ஒருவரின் எண்ணும் வந்தது. அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பினாள். வக்கீல் குரல் பதிவாகப் பதில் அனுப்பினார். நீளமான பதிவு. மகாராணி தியேட்டர் பக்கம் பஸ்ஸில் நின்றபடி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். மனுஷர் நல்லவர் என்று குரலில் தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை. போனில் மொழிபெயர்க்கும் ஆப்பில் அதை ஓடவிட்டுப் பார்த்தாள். 'கோப்பின் ரொட்டி விழுந்துவிட்டது, கழுத்து உங்கள் மீது' என்று தமிழில் வந்தது. அதே ஆப்பில் அவள் எழுதி அனுப்பிய கேள்விக்கு வக்கீல் இரண்டு கேள்விக்குறிகளைப் போட்டு அனுப்பினார்.

அப்போதுதான் புத்தகம் தேடினாள். பாரிமுனை நடைபாதைக் கடைகளில் அரபி இருந்தது, மலாய் இருந்தது, ஜப்பான் மொழி இருந்தது, எல்லாம் ஒரே மாதத்தில் பேச வைக்கிற புத்தகங்கள். ஃபார்ஸி இல்லை. கடைக்காரர் கொஞ்சம் யோசித்து, "பார்சி கோயிலு உங்க ராயபுரத்துலயே கீதே, அங்க போய்க் கேளேன்" என்றார். ஹில்டா போனாள். வாசலில் இருந்த பெரியவர், எங்கள் வீட்டில் குஜராத்திதான் பேசுகிறோம், பிரார்த்தனை சொல்கிற மொழி ஃபார்ஸியைவிட எத்தனையோ பழையது, இப்போது ஈரானிலும் யாரும் பேசுவதில்லை என்று பொறுமையாக விளக்கினார். குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

கடைசியில் தபாலில் ஒரு புத்தகம் வரவழைத்தாள். சுற்றுலா போகிறவர்களுக்காக இங்கிலீஷில் எழுதியது. காலை உணவும் சேர்த்தா, கடல் தெரிகிற அறை இருக்கிறதா, இந்தக் கம்பளம் கையால் நெய்ததா, குங்குமப்பூ இன்னும் நல்லதாகக் காட்டுங்கள். அவசரம் என்று ஒரு பாடம் இருந்தது. ஆவலாகப் பிரித்தாள். என் கேமரா தொலைந்துவிட்டது என்று தொடங்கியது அது. புத்தகம் முழுக்கத் தேடியும் சிறை என்ற சொல் இல்லை, வக்கீல் இல்லை, விடுதலை இல்லை. அதை எழுதினவர் யாரையும் தேடிக்கொண்டு அந்த நாட்டுக்குப் போனவர் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் மனப்பாடம் செய்தாள். போனில் ஓர் ஆப்பும் போட்டுக்கொண்டாள். அது அவளுக்கு ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது, சிறுமி ரொட்டி சாப்பிடுகிறாள் என்று சொல்லிக்கொடுத்து, சரியாகச் சொன்னால் மணி அடித்தது.

யார்டுக்கு வரும் லாரி டிரைவர் ஒருவர்தான் சகீனாவைப் பற்றிச் சொன்னார். ஆயிரம் விளக்குப் பக்கம் வீடு. அவள் கணவர் மார்க்கக் கல்வி படிக்க ஈரானில் கும் நகரத்துக்குப் போனபோது சகீனாவும் கூடப் போய் ஒன்பது வருஷம் இருந்தவள். அங்கேயே இரண்டு பிள்ளை பெற்றவள். வீட்டுக்காரனோடு வாடகைச் சண்டை போட்டது, ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று கத்தியது எல்லாம் ஃபார்ஸியில்தான். ஹில்டாவைவிடச் சில வயது மூத்தவள். வீட்டில் தையல் வேலை. விஷயத்தைக் கேட்டதும் மெஷினை மூடி வைத்தாள்.

"எழுத்து அப்புறம் பாத்துக்கலாம்மா. உனக்கு இப்ப காதும் வாயும்தான் வேணும். உங்கிட்ட ஏற்கெனவே இருக்கறதுலேர்ந்து ஆரம்பிப்போம்."

"எங்கிட்ட இன்னாக்கா கீது?"

"நீங்க தோஸ்துன்னு சொல்றீங்கல்ல? அங்க தூஸ்த். பஜாரு, அங்க பாஸார். வக்கீல் அங்கயும் வக்கீல்தான். பேஜாருங்கறீங்களே, அவங்க பீஸார்ம்பாங்க. வெறுத்துப் போச்சுன்னு அர்த்தம்."

ஹில்டா சிரித்துவிட்டாள். சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் வாயிலிருந்து துடைத்தெறியச் சொன்ன சொற்கள் எல்லாம் எங்கோ ஒரு தேசத்தில் நீதிமன்றத்திலும் கடைத்தெருவிலும் நடமாடிக்கொண்டிருக்கின்றன.

"ஆனா நம்பிடாத" என்றாள் சகீனா. "கலீஜ்னா அங்க அழுக்கு இல்ல, வளைகுடா. உன் புருஷனப் புடிச்ச கடலு. நாம பலேன்னா சபாஷ்னு அர்த்தம். அங்க பலேன்னா 'ஆமாம்'."

சகீனாவின் பாடத்தில் புத்தகம் கிடையாது. அவளே சிறை அதிகாரியாக ஆகிவிடுவாள். ஹில்டாவுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள், போனில் முகம் தெரியாதே என்பதற்காக. "யார் பேசறது? கைதி பேர் என்ன? அப்பா பேர்? சத்தமாச் சொல்லு!" என்று ஃபார்ஸியில் விரட்டுவாள். ஹில்டா திணறினால் மறுபடி விரட்டுவாள். ஹில்டாவுக்கு அழுகை வந்தால் பட்டென்று 'போனை' வைத்துவிடுவாள்.

"அழுதா அங்கயும் வெச்சிடுவாங்கம்மா. மொதல்ல விசயத்தச் சொல்லிடு. அப்புறம் அழு."

மன்னிக்கணும், மெதுவாகச் சொல்லுங்கள், இன்னொரு தடவை சொல்லுங்கள், எழுதி அனுப்ப முடியுமா. இந்த நாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும் என்றாள் சகீனா. வாக்கியம் நீளமாக இருந்தால் வாலிலிருந்து பிடிப்பாள். கடைசிச் சொல் முதலில், அப்புறம் அதற்கு முந்தின சொல்லோடு சேர்த்து, அப்புறம் அதற்கும் முந்தினது. அப்படிப் படித்தால் முடிவை நெருங்க நெருங்க வாய் தடுமாறாது. ஹில்டா யார்டு கேட்டில் பெட்டி எண்களை யெக், தொ, செ, சஹார், பஞ்ச் என்று முணுமுணுத்துப் பழகினாள். "இன்னாக்கா, பொட்டிகூட பேசிகினு கீற?" என்று டிரைவர்கள் கேலி செய்தார்கள். மழைக்காலம் போய் வெயில் வந்தபோது, வக்கீலின் பழைய குரல் பதிவைப் போட்டுக் கேட்டாள். சொற்கள் தனித்தனியாகக் கழன்று நின்றன.

வக்கீலுக்கு அவளே போன் செய்தாள். அவர் முதலில் நம்பவில்லை. பக்கத்தில் யார் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டார். பிறகு அவளுக்காக மெதுவாகப் பேசினார். ரெஜிக்கு ஐந்து வருஷத் தண்டனை ஏற்கெனவே விதித்தாகிவிட்டது என்று சொன்னார். முதல் விசாரணையில் அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். எண்ணெய் ஏற்றினாயா? பலே. கடத்தல் என்று தெரியுமா? பலே. உனக்கும் பங்கு உண்டா? பலே.

அடுத்த அழைப்பில் ஹில்டா ரெஜியிடம் கேட்டாள்.

"இன்னா கேட்டாலும் பலேன்னியாமே?"

"அங்க எல்லாரும் பலே பலேன்னு சொல்லிகினு இருந்தானுங்க ஹில்டா. சரி சார், சரி சார்ன்ற மாதிரின்னு நெனச்சேன். சரி சார்னு சொன்னா அடிக்க மாட்டானுங்கன்னு..."

இணைப்பு அறுந்தது.

அந்தக் கோடையில் அருள்நாதன் செத்துப்போனார். எண்ணூர் பக்கமிருந்து காற்றில் கெட்ட நெடி அடித்த வாரம் அது. இருமி இருமி ஒரு விடியலில் அடங்கிவிட்டார். ரெஜி போனில் பேசுகிற முறை வர இன்னும் சில நாள் இருந்தது. உடலை வீட்டில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் பெஞ்சு போட்டுக்கொண்டிருக்கும்போது, ஹில்டா சமையலறைக்குள் போய்ச் சிறை அலுவலகத்து எண்ணைக் கூப்பிட்டாள். ஓர் அதிகாரி எடுத்தார். கைதியின் பெயர், அப்பா பெயர், எல்லாம் சொன்னாள். "பெதரஷ் ஃபௌத் கர்தெ" என்றாள். அவனுடைய அப்பா இறந்துவிட்டார். தாலுகா ஆபீஸில் பவுத்தி என்று எழுதுவார்களே, அதே சொல்தான். இன்று மட்டும் அவனைப் பேச விடுங்கள் என்று கேட்டாள். அந்த ஆள் "கொதா பியாமொர்ஸதஷ்" என்றார். ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும். சவப்பெட்டியை மூடுவதற்குள் ரெஜியின் அழைப்பு வந்தது. போனை அருள்நாதனின் காதருகே வைத்தாள். ரெஜி என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது.

ஃபார்ஸி படித்ததில் ஹில்டாவுக்குக் கிடைத்த முதல் பலன் அதுதான். அன்றைக்கு அவளுக்குள் ஒரு தைரியம் ஏறிக்கொண்டது. பேசத் தெரிந்துவிட்டால் எந்தக் கதவையும் திறக்கலாம் என்று நம்ப ஆரம்பித்தாள்.

ஆனால் ரெஜி அடுத்த வாரம் வேறு மாதிரி பேசினான்.

"போன் குடுத்தவன் சொன்னான், உம் பொண்டாட்டி நல்லா ஃபார்ஸி பேசுதுன்னு. சிரிச்சிகினே சொன்னான். அவன்தான்மே மொத நாளு என்னிய பூட்ஸ் காலால ஒதச்சவன். அவங்கூட இன்னா பேசின?"

"நைனா செத்ததச் சொன்னேன். வேற இன்னா பேசுவேன்?"

"எங்கிட்ட அந்த பாஷய எடுக்காத. காதுல வுழுந்தாலே அந்த பூட்ஸ் காலுதான் நெனப்பு வருது."

ஹில்டாவுக்கு அந்த மொழி சகீனாவின் வீட்டுத் தேநீரும், வக்கீலின் பொறுமையும், ஆண்டவன் மன்னிக்கட்டும் என்ற ஒரு குரலுமாக இருந்தது. ரெஜிக்கு அது பூட்டு விழுகிற சத்தமாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே மொழியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மேல்முறையீட்டுக்குத் தேதி வந்தது. விசாரணையில் கேட்டது எதுவும் அவனுக்குப் புரியவில்லை, மொழிபெயர்க்க ஆள் வைக்கவில்லை. இதைத்தான் சொல்லப் போகிறேன் என்றார் வக்கீல். அவனே தன் வாயால் சொன்னால் இன்னும் நல்லது என்றார். அந்த ஊரில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கலாம். ஆனால் ரெஜியின் இங்கிலீஷ் வால்வைத் திற, பம்பை நிறுத்து என்கிற அளவுதான்.

"ஃபார்ஸியிலயே ஒரு வாக்கியம் சொல்லட்டுமே" என்றாள் ஹில்டா. நீதிபதிக்குப் பிடிக்கும் என்றார் வக்கீல்.

சகீனா மட்டும் முகம் சுளித்தாள். "வேணாம்மா. தமிழ்ல கத்தட்டும். ஒருத்தருக்கும் புரியாமப் போகட்டும். அப்பதான ஆள் தேடுவாங்க?"

"புரியாமதான்க்கா இந்தக் கதிக்கு வந்துச்சு" என்றாள் ஹில்டா.

வாக்கியத்தைச் சகீனாதான் திருத்திக் கொடுத்தாள். "மன் ஃபார்ஸி பலத் நீஸ்தம். நஃபஹ்மீதம் சீ பொர்ஸீதந்த்." எனக்கு ஃபார்ஸி தெரியாது. என்ன கேட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ரெஜி முதலில் மறுத்தான். "எனுக்கு வாணாம். என் வாயில அது வர வாணாம்." ஹில்டா கெஞ்சினாள், திட்டினாள். இந்த ஒரு வாக்கியம் மட்டும், அப்புறம் ஜென்மத்துக்கும் வேண்டாம் என்றாள். அவன் ஒத்துக்கொண்டான். வாரத்தில் கிடைத்த அந்தச் சில நிமிஷங்களில் வேறு எதுவும் பேசாமல் அதையே சொல்லிக்கொடுத்தாள். வாலிலிருந்து தொடங்கினாள். பொர்ஸீதந்த். சீ பொர்ஸீதந்த். மாதா கோயிலில் ஜெபமாலை சொல்லும்போது ஜனங்கள் ஒரே ராகத்தில் பதில் சொல்வார்களே, அந்த ராகத்தில் ஏற்றிக் கொடுத்தாள். ரெஜிக்குச் சின்ன வயதிலிருந்து பழகின ராகம், சட்டென்று பிடித்துக்கொண்டான். நஃபஹ்மீதம் என்பதில் நடுவே வரும் 'ஹ' மட்டும் அவன் வாயில் நிற்காமல் நழுவியது. அதை ஹில்டா விடவில்லை. நெஞ்சிலிருந்து காற்றை விடு, கண்ணாடியில் ஊதித் துடைக்கிற மாதிரி என்றாள். அதிலேயே பல அழைப்புகள் கரைந்தன. கடைசி அழைப்பில் அவன் சொன்னபோது, போனில் கேட்டது ராயபுரத்துக்காரன் குரல் மாதிரியே இல்லை. சுத்தமாக இருந்தது. ஹில்டாவுக்குப் பெருமையில் கண் கலங்கியது.

விசாரணை நடந்த அன்று யார்டில் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலை வரை வரிசை கட்டி நின்றன. மதியத்துக்கு மேல் வக்கீலின் குரல் பதிவு வந்தது. ஹில்டா இரைச்சலுக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். யார் துணையும் இல்லாமல், மறுபடி போட்டுக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல், எல்லாமே புரிந்தது.

ரெஜி எழுந்து நின்று வாக்கியத்தைச் சொன்னான். அருமையாகச் சொன்னான் என்றார் வக்கீல். நீதிபதி புன்னகைத்தார். இவ்வளவு நல்ல ஃபார்ஸியை எங்கே கற்றாய் என்று கேட்டார். ரெஜிக்குக் கேள்வி புரியவில்லை. தெரிந்த ஒன்றையே மறுபடி சொன்னான், அதே ராகத்தில், எழுத்துப் பிசகாமல். அரசு வக்கீல் எழுந்தார். ஃபார்ஸி தெரியாது என்பதை நம்மில் பாதிப்பேரைவிட நன்றாகச் சொல்கிற ஆள் இவன், முதல் விசாரணையில் கேட்டதும் இவனுக்குப் புரிந்துதான் இருந்தது என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் மனைவிதான் போனில் கற்றுக்கொடுத்தாள் என்று நான் சொல்லிப் பார்த்தேன், அதுவும் அவனுக்கு எதிராகவே போய்விட்டது, வீட்டிலேயே ஃபார்ஸி பேசுகிற குடும்பம் என்றார்கள். மேல்முறையீடு தள்ளுபடி. சகோதரி, என்னை மன்னியுங்கள் என்று பதிவு முடிந்தது.

முன்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார். ஹில்டா பெட்டியின் எண்ணைப் பார்த்தாள். எழுத்துகள் தெரிந்தன, வாசிக்க முடியவில்லை. பக்கத்து இருக்கைப் பெண் டேப்லெட்டை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் சகீனாவின் வீட்டுக்குப் போனாள். சகீனா, நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லவில்லை. "நான் இன்னும் கெட்டியாத் தடுத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்குத் தேநீர் போட்டு வைத்தது அப்படியே ஆறிப்போனது. ஹில்டா அதற்கப்புறம் அங்கே பாடத்துக்குப் போகவில்லை.

ரெஜி அடுத்த அழைப்பில் கேட்டான்.

"நான் நல்லாத்தான சொன்னேன்? 'ஹ' வந்துச்சே."

"நல்லா சொன்னியாம். வக்கீல் சொன்னாரு."

"அப்புறம் இன்னாத்துக்குத் தள்ளிட்டானுங்க?"

"தெர்ல ரெஜி" என்றாள் ஹில்டா.

அதற்குப் பிறகு அவன் அழைப்பது குறைந்தது. வாரம் ஒன்று என்பது மாதம் ஒன்றாகி, பிறகு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் என்று ஆனது. பேசினாலும் சோறு இன்னா, மழையா என்பதோடு சரி.

தண்டனை முடிவதற்கு முன்பே, ஒரு பண்டிகையை ஒட்டிப் பொதுமன்னிப்பில் சிலரை விட்டார்கள். அதில் ரெஜியின் பெயரும் இருந்தது. விமான நிலையத்தில் வெளியே வந்தவனை ஹில்டாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முன்பல் இரண்டு இல்லை. காதோரம் முழுக்க நரைத்திருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றான், நின்றுகொண்டே இருந்தான். பிறகு கடலுக்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டான். காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரஸர் பார்க்கிற வேலை கிடைத்தது. அங்கே சத்தம் அதிகம், யாரோடும் பேச வேண்டியதில்லை. அவனுக்கு அது பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹில்டா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். ரெஜி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். திடீரென்று சொன்னான்:

"ஃபார்ஸி ரா கொஜா யாத் கெரெஃப்தி."

ஹில்டாவின் கை நின்றுவிட்டது.

"அந்த ஜட்ஜு அதத்தான் கேட்டான்" என்றான் ரெஜி. "எங்க கத்துகினன்னு. அப்போ எனுக்குப் புரியல. அப்புறம் உள்ளயே கெடந்து கெடந்து எல்லாம் வந்துடுச்சி. ஒரு நாள் துணி தொவைச்சிகினு இருந்தேன். அவன் கேட்டது காதுல வந்து நின்னுச்சு. ஏன் சிரிச்சானுங்கன்னும் புரிஞ்சிச்சு."

"நான் பொய் சொன்னேன் ரெஜி. எனுக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும்."

"நான் அந்த 'ஹ'வ விட்டுருந்தா..."

"விட்டுருந்தா வேற ஏதாச்சும் சொல்லியிருப்பானுங்க" என்றான். அதை அவன் நம்பித்தான் சொன்னானா என்று ஹில்டாவுக்கு இன்று வரை தெரியாது. அவன் எழுந்து கீழே போய்விட்டான். அவள் மீனை ஆய்ந்து முடித்தாள். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

இந்த வருஷத் தொடக்கத்தில் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து தாயம்மா என்கிற அம்மா வந்தாள். மகன் வளைகுடாவில் மீன்பிடிப் படகு வேலைக்குப் போனவன். எல்லை தாண்டினான் என்று பிடித்து வைத்திருக்கிறார்கள். அதே கரை. ராயபுரத்தில் அந்த பாஷை தெரிந்த பொம்பளை ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நான் சொல்லிக் குடுக்கறதில்லம்மா" என்றாள் ஹில்டா. "என்னால ஒருத்தர் பட்டது போதும்."

தாயம்மா வாதாடவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். மதியம் ஆனது, எழுந்திருக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த ரெஜி படியில் அவளைத் தாண்டப் போய், நின்றான். யார் என்று கேட்டான். அவள் சொன்னாள். எந்த ஜெயில் என்று கேட்டான். அவளுக்கு ஊர்ப் பெயர் சரியாக வரவில்லை. அவள் உளறியதிலிருந்தே அவனுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு படி கீழே உட்கார்ந்தான்.

"உம் புள்ள இன்னும் வெசாரணைக்குப் போவலியே?"

"போவல நைனா."

"அடுத்த வாட்டி பேசும்போது சொல்லு. தமிழத் தவர ஒரு வார்த்த அவன் வாயில வரக் கூடாது. யெஸ்ஸுன்னும் சொல்ல வாணாம், பலேன்னும் சொல்ல வாணாம். தலையக்கூட ஆட்ட வாணாம். தமிழ்ல பேச ஆள் குடுன்னு தமிழ்லயே கத்தச் சொல்லு."

"அடிப்பாங்களே நைனா."

"அடிப்பானுங்க" என்றான் ரெஜி.

மேலே வந்து ஹில்டாவிடம், "அந்தம்மாவுக்குச் சொல்லிக் குடு. வெளிய கீறவங்க பேசணும். உள்ள கீறவனுக்கு வாணாம்" என்றான்.

அப்படித்தான் ஹில்டா மறுபடி ஆரம்பித்தாள். புத்தகம் இல்லை. தாயம்மாவுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, கைதி பேர் என்ன, அப்பா பேர் என்ன என்று விரட்டுகிறாள். தாயம்மாவின் வாயில் ஸெந்தான் என்பது செந்தானு என்றுதான் வருகிறது. ஹில்டா முன்பானால் திருத்தியிருப்பாள். இப்போது அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறாள்.

மகனுக்கு இன்னும் விசாரணைத் தேதி கொடுக்கவில்லை. தமிழ் பேசுகிற ஆளும் கிடைக்கவில்லை. தாயம்மா வாரத்தில் இரண்டு நாள் எண்ணூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். அவள் வருகிற நேரத்தில் ரெஜி வீட்டில் இருப்பதில்லை.